வாடிக்கையாளர் விவரம் ஓர் அமானிதம்: சிறு வியாபாரிகள் சி.ஆர்.எம். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

செஞ்சிப் பக்கம் மரச்சாமான் கடை வைத்திருந்த ஒரு சகோதரர் சில வருடங்களுக்கு முன் திடீரென வஃபாத்தானார். நல்லடக்கம் முடிந்த நான்காம் நாள், அவருடைய மகன்கள் இருவரும் ஒரு பற்று வரவு நோட்டையும் பூட்டிக் கிடந்த ஒரு கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "ஹஜ்ரத், அத்தாவுக்கு யார் யார் தரணும், அத்தா யார் யாருக்குத் தரணும்னு எங்களுக்குத் தெரியல. பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதை முடிக்கணும்ல?" என்று மூத்தவர் கேட்டார்.

அவர் கேட்டது சரிதான். மரணித்தவரின் வஸிய்யத்தும் கடனும் நிறைவேற்றப்பட்ட பிறகே வாரிசுகளுக்குப் பாகம் என்று திருக்குர்ஆன் (4:11, 12) தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நோட்டில் இருந்ததோ இப்படி ஒரு வரி: "சீயமங்கலத்தார் - கட்டில் - 4,500". சீயமங்கலத்திலிருந்து அந்தக் கடைக்கு வந்துபோனவை மூன்று குடும்பங்கள். அதில் இவர் யார்? 4,500 என்பது வாங்கிய முன்பணமா, வரவேண்டிய பாக்கியா? எந்த மரத்தில் கட்டில், எந்தத் தேதிக்கு? எல்லாம் அவருடைய நினைவில் இருந்தது. மீதி, பூட்டிய கைப்பேசியின் வாட்ஸ்அப்பில் இருந்தது.

அதே வாரத்தில் ஒரு தகப்பனார் வந்து, மகளின் நிக்காஹுக்காகக் கட்டிலும் பீரோவும் சொல்லிப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அவரிடம் சீட்டு எதுவும் இல்லை. மகன்கள் அவருடைய சொல்லை நம்பிச் செய்து கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் கேட்க வெட்கப்பட்டு வராமலே இருந்துவிட்டவர்கள் இருந்தால், அந்தக் கடன் இன்னும் நிற்கிறது.

அதற்குப் பிறகு, "கடைக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்டு வரும் வியாபாரிகளிடம் நான் முதலில் மென்பொருளின் பெயரைச் சொல்வதில்லை. "நாளைக் காலையில் நீங்கள் இல்லையென்றால், உங்கள் மகனோ மனைவியோ கடையைத் திறந்து, நீங்கள் கொடுத்த வாக்குகளை நிறைவேற்ற முடியுமா?" என்று கேட்கிறேன். இந்தக் கேள்விக்கு 'முடியும்' என்று பதில் சொல்ல வைக்கும் ஏற்பாடு எதுவோ, அதுவே உங்களுக்கான மென்பொருள். அதை எப்படிக் கண்டறிவது என்பதைப் பார்ப்போம்.

சி.ஆர்.எம். என்றால் என்ன?

'வாடிக்கையாளர் உறவு மேலாண்மை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமே சி.ஆர்.எம். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எளிது. உங்களிடம் வந்தவர் யார், என்ன கேட்டார், என்ன விலை சொன்னீர்கள், எவ்வளவு முன்பணம் வாங்கினீர்கள், அடுத்து எப்போது அவரிடம் பேச வேண்டும், அவருக்கு ஏதாவது குறை இருக்கிறதா என்ற விவரங்களை ஒரே இடத்தில் வைத்து, உரிய நாளில் நினைவூட்டும் பதிவேடு அது.

பில் போடும் மென்பொருளும் கணக்கு மென்பொருளும் வேறு. டேலி போன்றவை முடிந்த வியாபாரத்தின் கணக்கையும் ஜி.எஸ்.டி.யையும் பார்த்துக்கொள்பவை. சி.ஆர்.எம். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்துக்கொள்கிறது: விசாரித்துவிட்டுப் போனவர், முன்பணம் கொடுத்துக் காத்திருப்பவர், பொருள் வாங்கியபின் பழுது சொன்னவர். இந்த வேறுபாடு தெரியாமல், கணக்கு மென்பொருள் தேவைப்படும் இடத்தில் சி.ஆர்.எம். வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

இத்தகைய மென்பொருள் முதலில் பெரிய நிறுவனங்களுக்காக வந்தது. அமெரிக்காவில் 1993-ல் தொடங்கிய சீபெல் நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. அதை அவரவர் அலுவலகக் கணினிகளிலேயே நிறுவ வேண்டியிருந்தது. 1999-ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், இணையத்தின் வழியாக மாதச் சந்தாவுக்குப் பயன்படுத்தும் முறையைப் பரவலாக்கியது. இன்று ஒரு கைப்பேசி மட்டும் உள்ள கடைக்காரரும் இதைப் பயன்படுத்த முடிவதற்கு அந்த மாற்றமே காரணம்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும், சிறியதோ பெரியதோ எழுதச் சலிப்படையக் கூடாது, சாட்சிகள் வேண்டும் என்று அது விரிவாக வழிகாட்டுகிறது. அதே வசனம் ஒரு விலக்கையும் தருகிறது: கைக்குக் கை உடனடியாக முடியும் வியாபாரத்தை எழுதாவிட்டாலும் குற்றமில்லை.

நம் கேள்விக்கும் இந்த வசனத்திலேயே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. காசைக் கொடுத்துப் பொருளை வாங்கிப் போகும் மளிகைக் கடைக்கோ டீக்கடைக்கோ சி.ஆர்.எம். தேவையில்லை. பொருளுக்கும் பணத்துக்கும் இடையே கால இடைவெளி உள்ள வியாபாரத்துக்கு ஒழுங்கான பதிவு வேண்டும். மரச்சாமான், தையல், திருமண மண்டபம், சமையல் ஆர்டர், உம்ரா சேவை, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரப் பழுது, மனை வணிகம், பயிற்சி வகுப்பு போன்றவை இந்த வகை.

அப்படிப்பட்ட எல்லோருக்கும் கட்டண மென்பொருள் தேவை என்பதும் இல்லை. படிப்படியாகப் பாருங்கள்.

முதல் படி, ஒழுங்காகக் கோடு போட்ட நோட்டு. மாதம் இருபது, முப்பது ஆர்டர் மட்டுமே வரும் கடைக்கு இது போதும். ஒரே நிபந்தனை, உங்களைத் தவிர இன்னொருவர் படித்தாலும் புரிய வேண்டும்.

இரண்டாம் படி, கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்ஸெல் அட்டவணை. இதில் செலவில்லை. வீட்டில் படித்த பிள்ளைகள் ஒரு மாலையில் அமைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அது தானாக உங்களுக்கு நினைவூட்டாது.

மூன்றாம் படி, வாட்ஸ்அப் பிசினஸ். 2018-ல் வந்த இந்தச் செயலி இலவசம். 'புதிய ஆர்டர்', 'பணம் பாக்கி' என்று உரையாடல்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டலாம், பொருள் பட்டியல் வைக்கலாம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலானோருக்கு இதுவே முதல் சி.ஆர்.எம். ஆனால் விவரங்கள் உரையாடல்களுக்குள் சிதறிக் கிடக்கும். கைப்பேசி தொலைந்தால், காப்பு நகல் எடுத்து வைக்காதவருக்கு எல்லாம் போய்விடும்.

நான்காம் படிதான் சி.ஆர்.எம். மென்பொருள். விற்பனையைப் பார்ப்பவர்கள் ஒருவருக்கு மேல் இருக்கும்போது, அல்லது திரும்ப அழைக்க மறந்ததால் மாதத்தில் நாலைந்து வாடிக்கையாளர்களை இழக்கும்போது இதைப் பற்றி யோசிக்கலாம்.

மென்பொருளைப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது

ஒரு தாளை எடுத்து, உங்கள் கடை வாடிக்கையாளருக்கு என்னென்ன வாக்குகள் கொடுக்கிறது என்று எழுதுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள் தைத்துத் தருகிறேன்", "ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீசுக்கு வருகிறேன்", "விசா வந்ததும் போன் செய்கிறேன்". இவையே உங்கள் மென்பொருளில் இருக்க வேண்டிய நினைவூட்டல்கள்.

அடுத்து, ஓர் ஆர்டருக்கு என்னென்ன விவரம் பதிய வேண்டும்? இதற்கு நம் ஃபிக்ஹு நூல்களே உதவுகின்றன. முன்கூட்டியே பணம் கொடுத்துப் பின்னர் பொருள் பெறும் 'ஸலம்' வியாபாரத்தில் அளவு, எடை, தவணை ஆகியவை தெரிந்திருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சொல்லிச் செய்விக்கும் 'இஸ்திஸ்னாஃ' ஒப்பந்தத்தில் பொருளின் வகை, தரம், அளவு, தன்மை ஆகியவை தகராறுக்கு இடமில்லாமல் குறிப்பிடப்பட வேண்டும் என்கிறார்கள் ஃபுகஹாக்கள். அதன்படி ஒரு கட்டில் ஆர்டருக்கு: பெயர், கைப்பேசி எண், ஊர், மரத்தின் வகை, நீள அகலம், மொத்த விலை, முன்பணம், பாக்கி, ஒப்படைக்கும் தேதி. இந்த ஒன்பது கட்டங்கள் போதும். விற்பவர் காட்டும் ஐம்பது கட்டங்களும் உங்களுக்குத் தேவையில்லை.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. பதிந்ததை வெளியே எடுக்க முடியுமா? முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். எல்லா விவரங்களையும் எக்ஸெல் கோப்பாக நீங்களே எடுத்துக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். "எங்களிடம் கேட்டால் தருவோம்" என்ற பதில் போதாது. சந்தா நின்ற பிறகு எத்தனை நாள் விவரம் இருக்கும் என்பதையும் கேளுங்கள்.

2. தமிழில் எழுதித் தேட முடியுமா? முஹம்மது, முகமது, மொஹமத் என்று ஒரே பெயரை மூன்று விதமாக எழுதும் சமுதாயம் நாம். எனவே பெயரை நம்பாமல் கைப்பேசி எண்ணை அடையாளமாக வையுங்கள். ஒரே எண் இரண்டு முறை பதிவானால் மென்பொருள் எச்சரிக்கிறதா என்று சோதியுங்கள்.

3. கைப்பேசியில், இணையம் மெதுவாக இருக்கும்போதும் ஓடுமா? கிராமங்களுக்கு டெலிவரிக்குப் போகும் உங்கள் ஆள், தேசூர்ப் பக்கம் நின்றுகொண்டு திறந்து பார்க்கட்டும். கடையில் உட்கார்ந்து பார்ப்பது சோதனை ஆகாது.

4. யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்க முடியுமா? தச்சருக்கு அளவு தெரிந்தால் போதும். பாக்கித் தொகை தெரிய வேண்டியதில்லை. வேலையாள் ஒருவர் நின்றுவிட்டால் அன்றே அவருடைய அனுமதியை நீக்க முடிய வேண்டும்.

5. ஒரு வருடத்துக்கு மொத்தச் செலவு என்ன? பெரும்பாலும் 'ஒரு நபருக்கு, ஒரு மாதத்துக்கு' என்றே விலை சொல்வார்கள். உதாரணமாக நபருக்கு 500 ரூபாய் என்றால், மூன்று பேருக்கு மாதம் 1,500, வருடம் 18,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,240 சேர்ந்து 21,240 ஆகிறது. மென்பொருளோடு வாட்ஸ்அப்பை இணைத்தால், அனுப்பும் விளம்பரச் செய்திகளுக்குத் தனிக் கட்டணம் வரும். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கேட்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

6. பில் மென்பொருளோடு சேருமா? சேராவிட்டால் ஒரே பாக்கியை இரண்டு இடத்தில் எழுதுவீர்கள். சில மாதங்களில் இரண்டும் முரண்படும்.

7. இன்னொருவர் திறக்க முடியுமா? உங்களுக்கு ஏதாவது ஆனால் வாரிசோ கூட்டாளியோ உள்ளே செல்ல இரண்டாவது நிர்வாகி ஒருவரைச் சேர்க்க முடிய வேண்டும். வஸிய்யத்து எழுதும்போது இதையும் குறிப்பிடுங்கள்.

நம் மாநிலத்திலிருந்தே வரும் மென்பொருள்கள்

உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் இரண்டு சி.ஆர்.எம். நிறுவனங்கள் தமிழ்நாட்டில் வளர்ந்தவை. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2005-ல் சோஹோ சி.ஆர்.எம்.-ஐ வெளியிட்டு, 2009-ல் தன் பெயரையே சோஹோ என்று மாற்றிக்கொண்டது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் கிராமத்திலிருந்தே மென்பொருள் செய்யும் அலுவலகத்தை நடத்துவதும் இந்நிறுவனம்தான். மூன்று பேர் வரை பயன்படுத்த சோஹோ சி.ஆர்.எம்.-இல் இலவசப் பதிப்பு உண்டு. பெரிய மென்பொருள் சுமையாக இருக்கும் என்பவர்களுக்காக 2020-ல் 'பிகின்' என்ற சிறிய பதிப்பை வெளியிட்டார்கள். நான் மேலே சொன்ன ஒன்பது கட்டங்களுக்கு இதுவே போதுமானது. இந்தியாவில் கணக்குத் தொடங்குபவர்களின் விவரங்களை வைக்க சென்னையிலும் மும்பையிலும் சோஹோவுக்குத் தரவு மையங்கள் இருக்கின்றன.

இரண்டாவது, 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற பெயரில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருளில் தொடங்கிய இந்நிறுவனம், 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பழுது பார்த்தல், சர்வீஸ் போன்று புகார் அழைப்புகள் அதிகம் வரும் தொழில்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம்.

வெளிநாட்டு நிறுவனங்களில் ஹப்ஸ்பாட் இலவசத் திட்டம் ஒன்றைத் தருகிறது. ஆனால் கூடுதல் வசதிகளுக்குப் போகும்போது விலை வேகமாக ஏறும். உரிமக் கட்டணம் இல்லாத திறந்த மூல மென்பொருள்களும் உண்டு: ஒடூவின் சமூகப் பதிப்பு, சூட் சி.ஆர்.எம்., மும்பையில் உருவான இ.ஆர்.பி. நெக்ஸ்ட். இவற்றை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். குடும்பத்தில் கணினி படித்த பிள்ளை இருந்தால் மட்டும் இவற்றைப் பாருங்கள். அந்தப் பிள்ளை துபாய் போய்விட்டால் யார் பார்ப்பார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இலவச வரம்புகளும் விலைகளும் மாறக்கூடியவை. வாங்கும் நாளில் அந்நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்து முடிவெடுங்கள்.

மார்க்கமும் சட்டமும் சந்திக்கும் இடங்கள்

வாடிக்கையாளர் தன் எண்ணைத் தருவது கட்டில் தயாரானதும் அழைப்பதற்காக. அதை வேறு எதற்கும் பயன்படுத்துவது அமானிதத்தில் கை வைப்பது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல் நுழைய வேண்டாம் என்றும் சொல்கிறான் (24:27). ஒருவருடைய கைப்பேசிக்குள் நம் விளம்பரம் நுழைவதற்கும் அந்த ஒழுக்கம் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

நாட்டின் சட்டமும் இப்போது இதையே சொல்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். கொடுத்த சம்மதத்தை எளிதாகத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும். தவறான விவரத்தைத் திருத்தவும் நீக்கவும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. பாதுகாப்பில் அலட்சியம் காட்டினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சிறு கடைக்காரர் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பழக்கத்தை இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

குறிப்பாக மூன்று இடங்களில் நம் சகோதரர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று, பெண்களின் எண்கள். ஜவுளிக் கடை, புர்கா கடை, தையல் கடைகளில் பெண் வாடிக்கையாளர்களின் எண்கள் விற்பனையாளரின் சொந்தக் கைப்பேசியில் சேர்கின்றன. அவர் வேலையை விட்டுப் போகும்போது எண்களும் கூடவே போகின்றன. தேவையற்ற அழைப்புகளால் ஒரு குடும்பத்தின் நிம்மதி கெட்டால், அதற்குக் கடை உரிமையாளரும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடைக்கென்று தனி எண் வைத்து, கடையின் மென்பொருளில் மட்டும் பதியுங்கள்.

இரண்டு, ஹஜ், உம்ரா சேவை அலுவலகங்கள். பாஸ்போர்ட் நகலும் ஆதார் நகலும் வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறுவது ஆபத்து. அவற்றைப் பூட்டிய இடத்தில் வைத்து, பயணம் முடிந்து கணக்குத் தீர்ந்ததும், வைத்திருக்கச் சட்டத் தேவை இல்லாதவற்றை அழித்துவிடுங்கள்.

மூன்று, பாக்கிக்காரர்கள். தாமதமான பாக்கிக்கு வட்டி கணக்கிடும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது. அதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் (2:280). நினைவூட்டல் தேதியைத் தள்ளி வைக்க மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அதையும் பயன்படுத்துங்கள். 'குறிப்பு' என்ற கட்டத்தில் "இவர் ஏமாற்றுக்காரர்", "கணவன் மனைவி தகராறு" என்றெல்லாம் எழுதாதீர்கள். நாவால் பேசினால் புறம் ஆவது, விரலால் தட்டினாலும் புறம்தான். அந்த வாடிக்கையாளர் அருகில் நின்று படித்தாலும் வெட்கப்படாத வார்த்தையை மட்டும் எழுதுங்கள்.

ஒரு மாதச் சோதனை

எதையும் ஒரு வருடச் சந்தா கட்டித் தொடங்காதீர்கள். இரண்டு மென்பொருள்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம், நடந்துகொண்டிருக்கும் ஆர்டர்களை மட்டும் பதியுங்கள். பழைய நோட்டு முழுவதையும் ஏற்ற முயன்றால் சலித்துவிடுவீர்கள். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நோட்டையும் மென்பொருளையும் சேர்த்து நடத்துங்கள். நான்காம் வாரம் ஒரு நாள், நீங்கள் கடைக்குப் போகாமல் இருங்கள். போனையும் எடுக்காதீர்கள். மகனோ வேலையாளோ மென்பொருளை மட்டும் பார்த்து அன்றைய ஆர்டர்களை ஒப்படைத்து, பாக்கியைச் சரியாக வாங்கி, வந்தவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்ததா? முடிந்தால் அதை வாங்குங்கள். முடியவில்லையென்றால், மென்பொருள் சரியில்லை அல்லது நாம் பதிவது சரியில்லை. எது என்று பார்த்துத் திருத்துங்கள். இறுதியில் எல்லா விவரங்களையும் ஒருமுறை எக்ஸெல் கோப்பாக எடுத்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை அப்படி எடுத்து வைப்பதை வழக்கமாக்குங்கள்.

அந்த மரச்சாமான் கடையை இப்போது இளைய மகன் நடத்துகிறார். அவரிடம் இருப்பது ஒரு சாதாரண அட்டவணைதான்; இன்னும் கட்டண மென்பொருளுக்குப் போகவில்லை. ஆனால் அதில் 'சீயமங்கலத்தார்' என்று ஒரு வரியும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண், அளவு, முன்பணம், தேதி எல்லாம் இருக்கின்றன. கடவுச்சொல் அவருடைய தாயாருக்கும் தெரியும்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவாக்கினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. நம் கொடுக்கல் வாங்கல்களைத் தெளிவாக எழுதி வைக்கவும், பிறருடைய அமானிதங்களைப் பேணவும், எவருடைய கடனையும் சுமக்காத நிலையில் தன்னைச் சந்திக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.